பைக் சீட்டுக்கு ஏர் குஷன் போடலாமா: கேட்டவங்களுக்கு பதில்

வணக்கம். பர்மால மோல்மீன்ல பைக் சீட் தைக்கிற வேலை பாக்கறேன், ஏர் குஷன் பத்தி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கன்னு போட்டதுக்கு நெறைய பேர் கேட்டிருக்கீங்க, ஒவ்வொண்ணா வர்றேன்.

பெகு தம்பி: அண்ணே, ஏர் குஷன் வாங்கி திண்ணுனு காத்து ஊதி கென்போ வண்டில போட்டேன். மோல்மீன் வர்றதுக்குள்ள முன்னாடிய விட வலி ஜாஸ்தி ஆயிடுச்சு. காசு வேஸ்ட்டா?

வேஸ்ட் இல்ல தம்பி, காத்துதான் ஜாஸ்தி. குஷன் சரியில்லன்னு எங்கிட்ட வர்றவங்கள்ல முக்காவாசி பேருக்கு இதான் பிரச்சனை. நாம உக்கார்ற எடத்துல ரெண்டு பக்கமும் எலும்பு முட்டிக்கிட்டு இருக்கும், சாதா ஃபோம் சீட்ல ஒடம்பு வெயிட்டு பூரா அந்த ரெண்டு புள்ளிலதான் எறங்கும், அங்க சதை நசுங்கி ரத்தம் ஓடாம போறதாலதான் எரியுது, மரத்துப்போகுது. ஏர் குஷன்ல சின்ன சின்ன அறையா இருக்கும் பாருங்க, எல்லாத்துக்கும் உள்ள வழி உண்டு, எலும்பு அமுக்கற எடத்துல இருக்கற காத்து பக்கத்து அறைக்கு ஓடிப்போய் தொடையைத் தாங்கும். அப்படி ஓடறதுக்கு எடம் வேணும்ல? திண்ணுனு ஊதிட்டா ஃபுட்பால் மேல உக்காந்த மாதிரிதான்.

இப்படி பண்ணுங்க. கொஞ்சம் ஜாஸ்தியாவே ஊதிக்கிட்டு சீட்ல கட்டிட்டு, ஃபுட்ரெஸ்ட்ல கால் வச்சு வழக்கமா ஓட்டற மாதிரியே உக்காருங்க, சென்டர் ஸ்டாண்ட்ல வண்டி நிக்கட்டும், கூட ஒருத்தர் புடிச்சுக்கட்டும். வால்வை லேசா திறந்து காத்தை மெதுவா விடுங்க, நீங்க எறங்கிட்டே வருவீங்க, எலும்பு அடி சீட்ல தட்டறதுக்கு ஒரு சென்டிமீட்டர் மாதிரி பாக்கி இருக்கறப்ப மூடிடுங்க. அப்புறம் இடுப்பை ரெண்டு பக்கமும் ஆட்டிப் பாருங்க. படகுல இருக்கற மாதிரி மெதந்தா இன்னும் காத்து ஜாஸ்தி, டொக்குனு அடி தட்டினா ரொம்ப எறக்கிட்டீங்க. பாக்கறதுக்கு காத்தே இல்லாத மாதிரி தொளதொளன்னுதான் இருக்கும், அதான் சரி, பயப்படாதீங்க.

மாண்டலே நண்பர்: கீழ வீட்ல சரியாத்தான் செட் பண்ணேன், மேமியோ ஏறினதும் உப்பிக்கிச்சு. லீக் ஆனா எறங்கணும், இது ஏன் ஏறுது?

மேமியோ கிட்டத்தட்ட 3500 அடி உயரம். மாண்டலேல இருக்கறத விட அங்க வெளிக்காத்தோட அழுத்தம் பத்துல ஒரு பங்கு கம்மி, அதனால உள்ள அடைச்ச காத்து அந்த அளவுக்கு விரியும். மேல போனதும் கொஞ்சம் விட்டுடுங்க, கீழ எறங்கினதும் ரெண்டு மூச்சு ஊதிக்கோங்க. வெயில்லயும் இதே கதைதான், ஏப்ரல்ல தண்ணி திருவிழா சமயத்துல கருப்பு கவர் போட்ட குஷன வெயில்ல நிறுத்தி வச்சா உப்பிடும், தையலும் வால்வு ஓரமும்தான் அடி வாங்கும். நிறுத்தறப்ப வால்வைத் திறந்து விட்டுடுங்க, இல்லன்னா கழட்டி கையோட எடுத்துட்டுப் போங்க.

தட்டோன் அக்கா: தம்பி, நான் லுங்கி கட்டிக்கிட்டு பின்னாடி ஒருபக்கமாத்தான் உக்காருவேன், மடில புள்ள. எனக்கும் ஒண்ணு போடலாமா?

வேண்டாங்க்கா, தயவுசெஞ்சு போடாதீங்க. ஒருபக்கமா உக்காந்தா வெயிட்டு ஒரு ஓரத்துல மட்டும் எறங்கும், காத்து மறுபக்கம் ஓடி அந்தப் பக்கம் தூக்கும், நீங்க வெளிப்பக்கமா சரிவீங்க. மாமா சடன் பிரேக் போட்டா புடிச்சுக்க ஒண்ணும் இருக்காது, கைல புள்ள வேற. ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காந்தா மட்டும் போடலாம், அதுவும் ஓட்டறவருக்கு தனி, பின்னாடி இருக்கறவங்களுக்கு தனி. ஒரே குஷன்ல ரெண்டு பேர் உக்காந்தா கனமானவர் காத்தை எல்லாம் அடுத்தவர் பக்கம் தள்ளிடுவார். உங்களுக்கு பழைய ஃபோமை எடுத்துட்டு கெட்டியான புது ஃபோம் வச்சு அகலமா தச்சுக்கறதுதான் நல்லது.

முடோன் தம்பி: சைக்கிள் ட்யூபை மடிச்சு சீட் கவருக்கு அடில வச்சா போதாதா? பைல்ஸ்க்கு விக்கற வட்ட ட்யூப் கூட வீட்ல இருக்கு.

சைக்கிள் ட்யூப் வைக்கலாம், ஓரளவுக்கு வேலை செய்யும். பாம்பு மாதிரி வளைச்சு வளைச்சு பக்கத்துல பக்கத்துல வச்சு பாதிக்கும் கம்மியா காத்து விட்டு மேல மெல்லிசா ஃபோம் போடுங்க, மடிப்பு நசுங்கினா மட்டும் காத்து ஓடாது, அதப் பாத்துக்கோங்க. வட்ட ட்யூப் வேண்டவே வேண்டாம். நடுவுல சதை தொங்கும், சுத்தி வளையம் இறுக்கும், ரத்த ஓட்டம் இன்னும் மோசமாகும். டாக்டர்களே படுக்கைப்புண்ணுக்கு அந்த வட்டத்த வைக்கக்கூடாதுன்னுதான் சொல்றாங்க.

இன்னொருத்தர்: மழைக்கு தாங்குமா? பஞ்சர் ஆனா?

மழை தாங்கும், ஆனா அறைகளுக்கு நடுவுல தண்ணி நிக்கும், துணி கவர் ஊறிட்டா நாத்தம் வரும். நம்ம ஊர் மழைக்கு வலை கவர்தான் சரி. ரப்பர் குஷனா இருந்தா சைக்கிள் பேட்ச் ஒட்டும், பிளாஸ்டிக் மாதிரி இருக்கறதுல அது ஒட்டாது, அதுக்குன்னு பசை வேணும்.

பெரியவர் ஒருத்தர்: முதுகுல டிஸ்க் வலி, கால் வரைக்கும் இழுக்குது. குஷன் போட்டா சரியாகுமா?

ஐயா, உக்கார்ற எடத்து வலிக்குத்தான் இது. பள்ளத்துல வண்டி குதிக்கறப்ப முதுகெலும்புல ஏறற அடிய இது நிறுத்தாது, அத நிறுத்த வேண்டியது ஷாக் அப்சார்பர். மொதல்ல அதுல ஆயில் ஒழுகுதான்னு பாருங்க, டயர்ல காத்து அளவா இருக்கான்னு பாருங்க, 20 மைலுக்கு ஒருதடவை எறங்கி நடங்க. கால் வலுவில்லாம போனாலோ, ஒண்ணுக்கு போறது கட்டுப்பாட்டுல இல்லன்னாலோ, உக்கார்ற எடமே உணர்ச்சி இல்லாம போனாலோ அன்னிக்கே ஆஸ்பத்திரி போயிடுங்க ஐயா, குஷன் வாங்கிட்டு காத்திருக்காதீங்க.

ரங்கூன் நண்பர்: எங்களுக்கு டவுனுக்குள்ள 2003லேருந்து பைக்கே கிடையாது. கடைல நாள் பூரா ஸ்டூல்ல உக்கார்றேன், எனக்கு ஆகுமா?

ஆகுங்க. இந்த குஷனே மொதல்ல வீல்சேருக்கு வந்ததுதான், 1970கள்ல அமெரிக்கால ராபர்ட் கிரேபின்னு ஒரு எலக்ட்ரிக்கல் இன்ஜினியர் உக்காந்தே இருக்கறவங்களுக்கு புண் வராம இருக்கறதுக்காக பண்ணார், அவர் ஆரம்பிச்ச ரோஹோ கம்பெனியோட குஷன்தான் பைக்குக்கு ஏர்ஹாக்னு வந்தது. ஸ்டூல் வழவழன்னு இருந்தா அடில வழுக்காத ரப்பர் ஷீட் ஒண்ணு போட்டுக்கோங்க. காத்து மட்டும் மேல பெகு தம்பிக்கு சொன்ன மாதிரியே விடுங்க.