ஸ்லாத்தும் பனிக்கரடியும்: சார்ட்டில் என்ன எழுதலாம்?

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு, மரத்தில் தலைகீழாகத் தொங்கி மெதுவாக நகரும் ஸ்லாத் என்ற விலங்கையும் பனிக்கரடியையும் ஒப்பிட்டு சார்ட் தயாரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். எடை, உணவு, இருப்பிடம் என்று அட்டவணை போட்டுவிட்டோம். இது போதுமா? – ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: அட்டவணை இருக்கட்டும், அதோடு நிறுத்திவிடாதீர்கள். பார்க்க வருகிறவர்கள் "சரி, இரண்டும் வேறு வேறு" என்று அடுத்த மேசைக்குப் போய்விடுவார்கள். இரண்டு விலங்கிடமும் ஒரே கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள்: உடம்புச் சூட்டுக்கான சக்தி எங்கிருந்து வருகிறது, எப்படிச் செலவாகிறது? இரண்டுமே பாலூட்டிகள். சூட்டை உடம்புக்குள்ளேயே உண்டாக்கிக்கொள்பவை.

மத்திய, தென் அமெரிக்க மழைக்காடுகளில் வாழும் ஸ்லாத்துக்கு முக்கிய உணவு இலை. இலையில் சத்து குறைவு, செரிக்கவும் நாள்கணக்கில் ஆகும். வரவு இவ்வளவுதான் என்பதால் அது செலவைச் சுருக்கிக்கொண்டது. நம் உடம்புச் சூடு 37 டிகிரியை ஒட்டியே நிற்கும். மூவிரல் ஸ்லாத்துக்கு ஒரே நாளில் பல டிகிரி ஏறி இறங்கும். குளிர்ந்தால் மர உச்சிக்குப் போய் வெயில் காயும். வாரத்துக்கு ஒருமுறைதான் மலம் கழிக்க மரத்தைவிட்டு இறங்கும். பிள்ளைகள் இதை மறக்கவே மாட்டார்கள், கட்டாயம் எழுதுங்கள். தலைகீழாகத் தொங்குவதால் அதன் முடி வயிற்றில் வகிடெடுத்து முதுகுப் பக்கம் விழும். முடியில் வளரும் பாசி பச்சை நிறம் தருவதால், வேட்டையாடும் ஹார்பி கழுகின் கண்ணுக்கு அது எளிதில் தட்டுப்படாது.

"சோம்பேறி விலங்கு" என்று மட்டும் தலைப்பு வைக்காதீர்கள். 2008-இல் வெளிவந்த ஆய்வில், பனாமா காட்டு ஸ்லாத்துகளின் மூளை அலைகளை அளந்தபோது, அவை ஒரு நாளில் தூங்கியது சுமார் 9.6 மணி நேரம்தான்.

பனிக்கரடிக்கு வரவும் பெரிது, செலவும் பெரிது. சீல் என்ற கடல் விலங்கின் கொழுப்புதான் அதன் பிழைப்பு. ஆண் கரடி 350 முதல் 600 கிலோ வரை இருக்கும். தோலுக்கடியில் 10 செ.மீ. வரைகூடக் கொழுப்பு சேரும். ஆர்க்டிக் குளிரிலும் வேகமாக ஓடினால் அதற்கு உடம்பு சூடேறிவிடும். கடல்பனி உருகினால் சீல் பிடிக்க முடியாது. மாதக்கணக்கில் சேர்த்த கொழுப்பிலேயே காலம் தள்ளும். அதன் தோல் கறுப்பு, முடி நிறமற்றது. அந்த முடி வெயிலைத் தோலுக்குக் கடத்துகிறது என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது தவறு, சார்ட்டில் வேண்டாம்.

கொழுப்பின் வேலையைக் கையால் தொட்டு உணரச் செய்யலாம். ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் கெட்டியான வனஸ்பதியைப் போட்டு, உள்ளே இன்னொரு கவரை விட்டு, இடையில் சீராகப் பரவும்படி அமுக்குங்கள். வாயோரத்தை டேப்பால் ஒட்டிவிடுங்கள். வனஸ்பதி இல்லாமல் இதேபோல் இன்னொன்றும் வேண்டும். இரண்டிலும் கையை விட்டு ஐஸ் தண்ணீரில் வைத்தால், வெறும் கவருக்குள் இருக்கும் கை சீக்கிரம் விறைக்கும். நம் மதுரை வெயிலில் வனஸ்பதி இளகிவிடும், அதனால் நிழலான மேசை கேளுங்கள். ஐஸ் கட்டிக்கு மீன்கடையில் கிடைக்கும் தெர்மாகோல் பெட்டி போதும்.

படம் ஒட்டும்போதும் கவனம். தேவாங்குப் படத்தை ஸ்லாத் என்று ஒட்டிவிடுகிறார்கள். தேவாங்கு குரங்கினத்தோடு சேர்ந்தது. அதற்கென்றே 2022-இல் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் கடவூர் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. ஸ்லாத்தின் சொந்தங்கள் அமெரிக்கக் கண்டத்து எறும்புத்தின்னியும், உடம்பில் ஓடு போர்த்திய ஆர்மடில்லோவும். பனிக்கரடியின் உறவோ நமக்குப் பக்கத்திலேயே, மேகமலைக் காட்டில் கரையான் புற்றைத் தோண்டும் கரடி. அப்புறம், பனிக்கரடி பக்கத்தில் பென்குயினை ஒட்டவே வேண்டாம். பனிக்கரடி இருப்பது வட துருவப் பகுதியில், அங்கே பென்குயின் கிடையாது.