இருபது நிமிட மௌனம்

வணக்கம். பள்ளி நாட்களில் மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டின் உலகத்தில் மாதக்கணக்கில் அலைந்தவன் நான். சென்ற வாரம் அதன் இசைத்தொகுப்பைத் தனியாகக் கேட்டேன். மெட்டுகள் எல்லாம் நினைவிருக்கின்றன. அன்றிருந்த சிலிர்ப்பு மட்டும் இல்லை. எனக்கு வயதாகிவிட்டதா, அல்லது இசையே சுமாரானதுதானா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

இரண்டும் இல்லை. மௌனத்தை விட்டுவிட்டு இசையை மட்டும் கேட்டிருக்கிறீர்கள்.

சி418 என்ற பெயரில் இசையமைக்கும் டேனியல் ரோசன்ஃபெல்ட் 2011இல் வெளியிட்ட முதல் தொகுப்பில் 24 இசைத்துண்டுகள் அடுத்தடுத்து ஓடும். விளையாட்டில் ஒன்று முடிந்து மற்றொன்று வர 10 முதல் 20 நிமிடம் ஆகும். அங்கே ஒரு பகலும் இரவும் சேர்ந்தே 20 நிமிடம்தான். விடிந்து, மரம் வெட்டி, செம்மறிக்கு மயிர் கத்தரித்து, இருட்டிக் கதவடைக்கும் வரை ஒரு சுரம்கூடக் கேட்காமல் போகலாம்.

ஒருமுறை மேற்கே நடந்து வழி தொலைத்தேன். செத்தால் வீட்டுக் கட்டிலில் விழித்துக்கொள்ளலாம். ஆனால் மூட்டையில் இருந்ததெல்லாம் போய்விடும். மனம் வரவில்லை. மலைச்சரிவில் குழி தோண்டி, வாயை மண்ணால் அடைத்து, வெளியே ஸாம்பிகள் உறுமுவதைக் கேட்டபடி இரவைக் கழித்தேன். விடிந்திருக்கும் என்ற ஊகத்தில் மண்ணை உடைத்தேன். எதிரே பனிவெளி. அந்தக் கணத்தில் பியானோ தொடங்கியது. எனக்காகவே வாசித்ததுபோல் இருந்தது. உண்மையில் வெறும் தற்செயல்.

பிற விளையாட்டுகளில் எதிரி வந்தால் முரசு அதிரும், வென்றால் எக்காளம் முழங்கும். இந்த இசைக்கு நாம் படும் பாடு எதுவும் தெரியாது. இன்னொரு நாள் வைரங்களோடு எரிமலைக் குழம்பில் விழுந்து கருகிக்கொண்டிருந்தபோது அத்தொகுப்பின் ‘ஸ்வீடன்’ என்ற துண்டு சாவகாசமாக ஒலித்தது. அன்று ஆத்திரமாக வந்தது. இப்போது அதைக் கேட்டாலே நெருப்பும், போன வைரங்களும்தான் ஞாபகம் வருகின்றன. உங்களுக்கு அதே துண்டு ஒரு கோதுமை வயலாக இருக்கலாம்.

சுமார் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் 2025இல் இத்தொகுப்பைச் சேர்த்தது. என் பட்டியலில் அதற்கு வெகுகாலம் முன்பே இருக்கிறது.

புதிய உலகம் ஒன்றைத் திறந்து நடந்து பாருங்கள். வெகுநேரம் எதுவும் ஒலிக்காவிட்டால் ஒலியளவைக் கூட்டிவிடாதீர்கள். பியானோவுக்கு முன் ஸாம்பி வந்துவிடும்.