ஜாஸ் பியானோ கலைஞர் ஹேங்க் ஜோன்ஸின் ‘கம் சன்டே’ ஆல்பம் ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது, வயதாகி விரல் தளர்ந்துவிட்டதாலா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை. நிதானத்தைத் தளர்ச்சி என்று நினைத்தால் எப்பேர்ப்பட்ட அநியாயம் நடக்கும் என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்தவள் நான்.

2010 பிப்ரவரியில் அந்த ஆல்பம் பதிவானபோது ஜோன்ஸுக்கு வயது 91. மே மாதம் காலமாகிவிட்டார். உடன் இருப்பது சார்லி ஹேடனின் டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம் மட்டும். வாசித்தவை பெரும்பாலும் தேவாலயப் பாடல்கள். கேட்டுக் கேட்டுப் பழகிய மெட்டுகள். ஜாஸுக்கு நீங்கள் புதியவர் என்று நினைக்கிறேன், அதனால் ஒன்று சொல்கிறேன். ஜோன்ஸ் 1940களின் இறுதியிலிருந்து சில ஆண்டுகள் ஜாஸ் பாடகி எலா ஃபிட்ஸ்ஜெரால்டுக்குப் பக்கவாத்தியம் வாசித்தவர். பாடுபவர் எங்கே மூச்சு வாங்குவார் என்று அறிந்த கை அது. பாடகரே இல்லாத இந்த ஆல்பத்திலும் அந்த இடத்தை விட்டுவைக்கிறது. நாம் தேவாலயத்தில் ‘உம்மண்டை கர்த்தரே’ என்று பாடும் மெட்டும் (‘நியரர் மை காட் டு தீ’) இதில் உண்டு, அதைக் கேளுங்கள்.

என் அப்பா இங்கே சிங்கப்பூரில் ஒரு தமிழ்ச் சபையில் இளமையிலிருந்து பியானோ வாசித்தவர். ஒரு சரணம் முடிந்ததும் கையை எடுக்காமல் கடைசி ஒலியைச் சற்றே நீட்டுவார். முன்வரிசைப் பாட்டிகள் கண்ணாடியைச் சரிசெய்து, பாமாலைப் புத்தகத்தில் அடுத்த சரணத்தைத் தேடிப் பிடித்து, மூச்சை இழுத்துக்கொள்வதற்காக. நிர்வாகக் குழுவுக்கு அது இழுவையாகப் பட்டது. “அண்ணன் ஓய்வெடுக்கட்டும்” என்றார்கள். பொன்னாடை போர்த்தினார்கள், படம் எடுத்தார்கள். கடைசியாக ஒரு பாட்டு வாசியுங்கள் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

இப்போது வாசிக்கும் பிள்ளைகள்மீது எனக்கு வருத்தம் இல்லை, நன்றாகவே வாசிக்கிறார்கள். பழமைவாதி என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். ஆனால் பாட்டிகள் இரண்டாம் சரணத்திலேயே வாயை மூடிக்கொள்கிறார்கள். அதைக் கவனிக்கக் குழுவில் ஆள் இல்லை. வீட்டில் அப்பா இன்றும் துரித கதியில் வாசிப்பார், எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி வீடு) அடுக்கில் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கேட்டால் தெரியும்!

‘இந்த ஆல்பத்தில் கற்பனை வாசிப்பே குறைவு, இது ஜாஸா’ என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்கலாம். மெட்டைச் சிதைக்காமல் அதனடியில் சுரக்கோவையை (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை) மாற்றிக்கொண்டே போவதும் ஜாஸ்தான். விரல் தளர்ச்சி என்பவர்களுக்கு இன்னொன்று: இதே இருவர் இதே வகைப் பாடல்களை வாசித்த ‘ஸ்டீல் அவே’ 1995இல் வெளிவந்தது. அதிலும் இதே நிதானம்தான். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.