குடித்துவிட்டு விபத்து ஏற்படுத்துபவர்கள் ஏன் நிற்காமல் ஓடிவிடுகிறார்கள்?

2016ஆம் ஆண்டில் ஓர் இரவு என் சித்தப்பாவை ஒரு கார் இடித்துவிட்டு நிற்காமல் போனது. முதல் தகவல் அறிக்கையில் ‘அடையாளம் தெரியாத வாகனம்’ என்றுதான் எழுதினார்கள். சாலையோரப் புழுதியில் கிடந்த சைடு மிரர் துண்டை வைத்து மூன்றாம் நாள் காரைக் கண்டுபிடித்தபோது, ஓட்டியவர் அன்றிரவு விருந்தில் குடித்திருந்தார் என்று ஊரே பேசியது. ஆனால் அவருடைய ரத்தத்தில் அளந்து பார்க்க எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. சித்தப்பாவின் மரணம், அப்போதிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் அதிகபட்சம் இரண்டு ஆண்டுச் சிறை தந்த 304அ பிரிவின்கீழ் வெறும் கவனக்குறைவு வழக்காயிற்று.

ஓடுவதற்கான முக்கியக் காரணம் இதில்தான் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவின்படி 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம். உடலோ அதை மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம் கரைத்துவிடுகிறது. 120 மில்லிகிராமோடு இடித்தவர் எங்கேனும் படுத்துத் தூங்கிவிட்டு எட்டு மணி நேரம் கழித்து வந்தால், கருவி ஏறக்குறைய ஒன்றும் காட்டாது.

உரிய நேரத்தில் அளந்துவிட்டால் வழக்கின் கனமே மாறிவிடும். 2006 நவம்பரில் மும்பை பாந்திராவில் நடைபாதையில் உறங்கிய தொழிலாளர்கள் ஏழு பேர் கார் ஏறி இறந்த வழக்கில், ஓட்டியவரின் ரத்தத்தில் 112 மில்லிகிராம் இருந்தது பதிவானது. 2012இல் உச்ச நீதிமன்றம் அதைக் கவனக்குறைவாகப் பார்க்காமல், கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம் என்றே உறுதிசெய்தது.

ஓடுபவர்கள் எல்லாரும் குடித்தவர்கள் அல்லர். உரிமம் இல்லாதவர்களும், கூட்டம் அடித்துவிடும் என்று நடுங்குபவர்களும் உண்டு. அந்த அச்சம் நியாயமானதே, மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவே அதை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அடுத்த காவல் நிலையத்தில் போய்ச் சொல்வதற்கு எந்தக் கூட்டமும் தடையில்லை. சொல்லாமல் தப்பினால் பத்தாண்டு வரை சிறை என்ற, தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு, லாரி ஓட்டுநர்களின் போராட்டத்துக்குப் பிறகு, 2024 ஜூலையில் சட்டம் அமலானபோது நிறுத்திவைக்கப்பட்டது. ஓட்டுநர்களின் கவலை எனக்குப் புரிகிறது; ஆயினும் குடித்தவர் நிற்பதைவிட ஓடுவதே லாபம் என்ற கணக்கு அதனால் அப்படியே நீடித்தது.

உங்கள் வீட்டில் இப்படி நேர்ந்திருந்தால், வழியிலுள்ள பெட்ரோல் பங்குகளின் கேமராப் பதிவை அன்றே எடுக்கச் சொல்லிக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். சில நாட்களில் அது அழிந்துவிடக்கூடும். வாகனம் கடைசிவரை தெரியாமலே போனாலும், 2022 ஏப்ரல் முதல் மரணத்துக்கு இரண்டு லட்சமும் படுகாயத்துக்கு ஐம்பதாயிரமும் அரசுத் திட்டத்தில் கோரலாம்.