இடுப்பு பெல்ட்டும் தேய்ந்த பிரேக்கும்: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, நோயாளிகளைத் தூக்கி மாற்றும் மருத்துவமனை ஊழியர்களின் முதுகுவலி பற்றியவை. நோயாளியின் எடை என்ன, அவரால் தாமாக நகர முடியுமா என்பதை எழுதியவர்கள் இரண்டு மூன்று பேர்தான். மற்றவர்களுக்கு நான் சோழி உருட்டித்தான் பதில் சொல்ல வேண்டும்.

கட்டிலிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு மாற்ற எத்தனை பேர் தேவை? (செவிலியர், சேலம்)

பார்த்தீர்களா, நீங்களும் எடையை எழுதவில்லை. அசைய முடியாதவர், 70 கிலோவுக்குள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர்: பக்கத்துக்கு ஒருவர், தலைமாட்டில் ஒருவர், கால்மாட்டில் ஒருவர். அடியில் ஸ்லைடு ஷீட்டோ (வழுக்கி நகர்த்த உதவும் துணி) ஸ்லைடு போர்டோ (அதற்கான பலகை) கட்டாயம். ஸ்ட்ரெச்சர் ஒரு விரற்கடை தாழ்வாக, கட்டிலை ஒட்டி நிற்கட்டும். கட்டில், ஸ்ட்ரெச்சர் இரண்டுக்கும் பிரேக் போடுங்கள். தலைமாட்டில் நிற்பவர் மட்டும் எண்ணட்டும். ஆளுக்கொரு ‘ஒன்று, இரண்டு’ வேண்டாம்.

ஒருவர் எத்தனை கிலோ வரை தூக்கலாம்? (மாணவி, மதுரை)

நோயாளி என்றால் சுமார் 16 கிலோ, அதுவும் எல்லாம் சாதகமாக இருந்தால். அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவன நிபுணர் 2007-இல் சொன்ன கணக்கு இது. நூறு கிலோ ஆளின் ஒரு காலே ஏறத்தாழ அவ்வளவு இருக்கும்.

ஊழியர்கள் அனைவருக்கும் இடுப்பு பெல்ட் வாங்கிக் கொடுத்தோம். சரியாகக் குனிந்து தூக்குவது எப்படி என்று வகுப்பும் நடத்தினோம். முதுகுவலி விடுப்பு குறையவில்லை. சொன்னபடி செய்வதில்லை போலும். என்ன செய்வது? (நிர்வாகி, கோவை)

‘சொன்னபடி செய்வதில்லை’ என்ற வரியைப் படித்ததும் பேனாவை வைத்துவிட்டு மொட்டைமாடியில் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன். பெல்ட் கதையை எத்தனை முறைதான் எழுதுவது? அமெரிக்காவில் கடை ஊழியர்கள் 9,000 பேருக்கு மேல் கவனித்து 2000-இல் வெளியிட்ட ஆய்வில், பெல்ட் கட்டியவர்களுக்கு முதுகுக் காயம் குறைந்ததாகத் தெரியவில்லை. பெல்ட் இருக்கிறதே என்று இன்னொரு ஆளைக் கூப்பிடாமல் தூக்கும் துணிச்சல் வருவதுதான் நான் கண்ட பலன்.

வகுப்புக்கு வருகிறேன். ‘முதுகை நிமிர்த்து, முழங்காலை மடக்கு, பாரத்தை உடம்போடு அணை’ என்பதெல்லாம் கைப்பிடி வைத்த பெட்டிக்குப் பொருந்தும். கட்டிலின் நடுவே படுத்திருப்பவரை எப்படி அணைப்பது? முழங்காலை மடக்கினால் கட்டில் சட்டம் இடிக்கும். பாதியில் அவர் வலியில் திமிறுவார், எதிரே அகப்பட்ட கையைப் பிடித்துத் தொங்குவார். ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1999-இல் அளந்து பார்த்தபோது, இரண்டு பேர் சேர்ந்து தூக்கினாலும் கீழ்முதுகின் மீதான பாரம் ஆபத்தான அளவில்தான் இருந்தது. பிரிட்டனின் ராயல் செவிலியர் கல்லூரி, உயிராபத்து போன்ற விதிவிலக்குகள் தவிர நோயாளியைக் கையால் தூக்குவதையே ஒழிக்க வேண்டும் என்று 1996-இல் சொல்லிவிட்டது. நாம் இன்னும் சுவரொட்டியில் முழங்காலை மடக்கிக்கொண்டிருக்கிறோம்.

நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் நோயாளியைத் தூக்கி மாற்றும் கருவியான நல்ல ஹாய்ஸ்ட் ஒன்று இருந்தது. பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் ஸ்டோர் ரூமில் பூட்டி வைத்திருந்தார்கள். தர ஆய்வுக்கு ஆட்கள் வரும் அன்று மட்டும் வார்டுக்கு வரும், மாலையில் திரும்பிவிடும். உங்கள் ஹாய்ஸ்ட்டின் சாவி இரவுப் பணியில் யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். ஹாய்ஸ்ட்டே இல்லையென்றால், அடுத்த பெல்ட் பணத்தில் ஸ்லைடு ஷீட் வாங்குங்கள். வழவழப்பான நைலான் துணி, அவ்வளவுதான். தூக்க வேண்டியதில்லை, நகர்த்தினால் போதும்.

நோயாளி கீழே சரிந்துகொண்டே இருக்கிறார். ஷிப்டுக்குப் பத்து முறை மேலே இழுக்கிறோம். (செவிலியர், திருநெல்வேலி)

கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தும் கைப்பிடியை முதலில் சுற்றுகிறீர்கள் என்று நினைக்கிறேன். முழங்கால் பக்கத்தை முதலில் உயர்த்துங்கள், பிறகு தலையை. பத்து முறை மூன்றாகும்.

எழுப்பும்போது என் கழுத்தைக் கட்டிக்கொள்ளச் சொல்லலாமா?

கூடாது.

நடக்க வைக்கும்போது விழப்போனால் பிடிப்பதா, விடுவதா? (பெயர் இல்லை, ஊர் இல்லை)

இரண்டும் இல்லை. ஒட்டி நிற்கிறீர்கள் என்றால் உங்கள் உடம்பின் மீது சரிந்து தரையில் உட்கார விடுங்கள், தலை மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்தவரை உடனே அக்குளில் கைகொடுத்துத் தூக்கும் அவசரத்தில்தான் இரண்டாவது ஆளும் படுக்கையில் விழுகிறார். மருத்துவர் வந்து பார்க்கட்டும். தரை எங்கும் ஓடிவிடாது.

ஒப்பந்தப் பணியாளர் நான். ஸ்ட்ரெச்சருக்கு மாற்றியதிலிருந்து இடுப்பு வலி, வலது கால் மரத்துப்போகிறது. எண்ணெய் தடவினால் சரியாகுமா?

ஆகாது, அம்மா. எலும்பு மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர் பிரியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, நள்ளிரவானாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். எந்தத் தேதி, எந்த வார்டு என்று எழுதி மேற்பார்வையாளரிடம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் வேலையில் பட்ட காயத்துக்கு அங்கே உரிமை உண்டு.

வீல்சேரின் பிரேக் தேய்ந்துவிட்டது. காலை முட்டுக்கொடுத்துச் சமாளிக்கிறோம். பரவாயில்லையா?

பிரேக், பிரேக் என்று நான் கத்துவது இதற்குத்தான். அதை வார்டைவிட்டு வெளியே தள்ளி, ‘பயன்படுத்தக் கூடாது’ என்று சீட்டு ஒட்டுங்கள். ஒட்டாமல் ஓரங்கட்டினால் இரவுப் பணியில் இருப்பவர் எடுத்து வந்துவிடுவார்.