மியர் பாசி – கடிதம்

அன்புள்ள ஐயா,

லண்டனிலிருந்து வந்த என் மகள் ஒரு கண்ணாடிப் பாசிமணி கொண்டுவந்தாள். நிறமில்லாத கண்ணாடி, மேலே மூன்று மஞ்சள் சுருள்கள். பழைய ஐரோப்பிய மக்களான கெல்ட்டுகளின், 2000 ஆண்டுகளுக்கும் முந்தைய பாசியைப் பார்த்து இப்போது கையால் செய்தது என்று ஓர் அட்டையும் கூட இருந்தது. எனக்கு ஏனோ மனம் ஒட்டவில்லை. என்ன அழகாக இருந்தாலும் போலிதானே?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்களிடம் இருப்பது மியர் பாசியின் நகல். இங்கிலாந்தில் சாமர்செட் சதுப்பு நிலத்தில் இருந்த ஓர் இரும்புக்காலக் குடியிருப்பு மியர். அங்கே நிறையக் கிடைத்ததால் அந்தப் பெயர்.

அதைச் செய்வதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தேன். செய்த அம்மாள் இரும்புக் கம்பியின் முனையைக் களிமண் குழம்பில் தோய்த்துக் காயவைத்திருந்தார். அந்தப் பூச்சு இல்லாவிட்டால் கண்ணாடி கம்பியைப் பிடித்துக்கொள்ளும், பாசி கழன்று வராது. இளகிய கண்ணாடியைக் கம்பியில் சுற்றி உருட்டினார். அப்புறம், நூலாக இழுத்து வைத்திருந்த மஞ்சள் கண்ணாடியின் நுனியைத் தீயில் காட்டி, பாசியில் தொட்டு, மையத்திலிருந்து வெளியே சுற்றிக்கொண்டு வந்தார். இரண்டு சுருள்கள் ஒழுங்காக விழுந்தன. மூன்றாவதில் சூடு கொஞ்சம் கூடிவிட்டது; கோடுகள் ஒன்றோடொன்று கலந்து வெறும் மஞ்சள் திட்டாகிவிட்டன. ஒன்றும் சொல்லாமல் அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்த கம்பியை எடுத்தார்.

அவரிடம் இருந்தது வாயு அடுப்பு. திருகினால் தீ கூடும், குறையும். அன்றைக்குக் கரியும் துருத்தியும்தான். கண்ணாடியும் உள்ளூர்ச் சரக்கு கிடையாது. அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் புழங்கிய கண்ணாடி பெரும்பாலும் மத்தியதரைக் கடலின் கிழக்குப் பக்கத்தில், மணலோடு நேட்ரான் உப்பைச் சேர்த்து உருக்கியது. அவ்வளவு தூரம் வந்த பொருளில் மூன்று சுருளையும் பிசகாமல் போட்டிருக்கிறார்கள். இதற்கு முன் அருங்காட்சியகத்தில் அந்தப் பாசிகளைப் பார்த்து அழகு என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கிறேன். இப்போது, நூல் எங்கே தொட்டது, எங்கே அறுத்தார்கள் என்று கண் தேடுகிறது. எனக்கு அதைக் கொடுத்தது நகல்தான்.

இதே பாசியைச் சேற்றில் ஊறவைத்து, தோண்டி எடுத்தது என்று விற்றால் அது போலி. உங்களுடையது உண்மையைச் சொல்லிக்கொண்டுதான் வந்திருக்கிறது. உண்மையான பழைய பாசியை யாராவது தோண்டி விற்று, உங்கள் மகள் அதை வாங்கியிருந்தால்தான் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும். கிழக்கு யார்க்‌ஷயரில் ஆராஸ் என்ற இடத்தில், 1815–17இல் திறந்த ஓர் இரும்புக்காலப் பெண்ணின் கல்லறையில் சுமார் 100 கண்ணாடிப் பாசிகள் இருந்தன. அவை அவளோடு இருந்ததால்தான் இன்று அவளைப் பற்றிப் பேசுகிறோம். தனித்தனியாகச் சந்தைக்குப் போயிருந்தால் வெறும் நீலக் கண்ணாடிதான்.

சரி, பாசியைத் தயங்காமல் கோத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள், நாளைக்கு உங்கள் பேரப்பிள்ளைகள் கையில் போகும்போது தேவைப்படும். துளைக்குள் வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருந்தால் அழுக்கென்று நினைக்கவேண்டாம். கம்பியில் பூசிய மண் அது. தண்ணீரில் ஊறவைத்து ஊசியால் சுரண்டினால் வந்துவிடும்.