சிவப்பு வால்காரனைக் கண்டு பயம் வேண்டாம்

கேள்வி: பூந்தொட்டியை நகர்த்தினால் அடியிலிருந்து சிவப்பு வாலோடு ஒன்று நெளிந்து ஓடி மண்ணுக்குள் புகுந்துகொள்கிறது. பாம்புக்குட்டி என்கிறார் மாமியார். அரணை, கடித்தால் மரணம் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. மருந்து அடிக்கிறேன் என்று ஒருவர் வந்து நிற்கிறார். வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த மருந்துக்காரரைத் திருப்பி அனுப்புங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது புள்ளி அரணையின் குட்டி. குட்டியாக இருக்கும்போது வால் நல்ல சிவப்பு, வளர வளர அந்த நிறம் மங்கிவிடும். அடுத்த முறை கொஞ்சம் குனிந்து பாருங்கள். பளபளவென்று எண்ணெய் பூசியது போன்ற உடம்பு, அதில் குச்சி போல நான்கு குட்டைக் கால்கள். வேகமாக ஓடும்போது காலை உடம்போடு ஒட்டிக்கொண்டு நெளிவதால்தான் பாம்பு என்று தோன்றுகிறது. கண்ணை இமைத்தால் சந்தேகமே வேண்டாம், பாம்புக்கு இமை கிடையாது.

அரணைக்கு விஷம் இல்லை. அந்தப் பழமொழியால் செத்த அரணைகள்தான் அதிகம். ஈர மண்ணிலும் சருகுக்கு அடியிலும் பூச்சி, புழு, கரையான் தின்று வாழும் பிராணி அது. பூனை கவ்வினால் வாலைக் கழற்றிவிட்டுத் தப்பிக்கும். துடிக்கிற வாலைப் பார்த்துப் பூனை ஏமாறும், வால் பிறகு வளர்ந்துவிடும். குழந்தை பிடித்து அது கடித்தாலும் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

மருந்துக்காரர்கள் விஷயத்துக்கு வருகிறேன். கார்பாலிக் அமிலம், பினாயில், ஏதோ ஒரு பொடி என்று எதையாவது தெளித்துவிட்டுக் காசு வாங்கிப் போவார்கள். பாம்பு அதற்கெல்லாம் அஞ்சி ஓடாது. ஆனால் கார்பாலிக் அமிலம் பட்டால் குழந்தையின் தோல் வெந்துவிடும். கையில் ஒரு டப்பா இருந்தால் யாரும் நிபுணர் என்று கதவைத் தட்டலாம் என்கிற நிலை இன்னும் மாறவில்லை. இதை எத்தனை வருடமாகச் சொல்கிறேன், கேட்கத்தான் ஆள் இல்லை.

ஒன்றே ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். கடித்தது எது என்று கண்ணால் பார்க்காவிட்டால், "அரணையாகத்தான் இருக்கும்" என்று சும்மா இருந்துவிடாதீர்கள். கட்டுவிரியன் இரவில் தூக்கத்தில் கடித்தால் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது, தடம்கூடச் சில சமயம் தெரியாது. விடியும்போது வயிற்று வலி, இமை திறக்க முடியாமை, பேச்சுக் குழறல் என்று தொடங்கும். அதுவரை காத்திருக்கக் கூடாது. சந்தேகம் வந்ததுமே விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கீறாதீர்கள், கட்டுப் போட்டு இறுக்காதீர்கள், மந்திரிக்கக் கூட்டிப் போகாதீர்கள். வலி இல்லையே என்று வீட்டிலேயே இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

தொட்டியை நகர்த்தும்போது அடியில் வெறும் விரலை விடாமல் விளிம்பைப் பிடித்துச் சாய்த்துப் பாருங்கள். அரணை இருந்தால் அது போகும்வரை நின்றுவிட்டு, தொட்டியைப் பழைய இடத்திலேயே வைத்துவிடுங்கள்.